இருவர் தேவை

கையேட்டின் நான்காம் பக்கத்தில்
முகமில்லாத இரண்டு பேர்
ஒரு பெட்டியைத் தூக்கி நிற்கிறார்கள்.
கீழே தடித்த எழுத்தில்: இருவர் தேவை.

அதுவரை எல்லாம் ஒற்றை ஆளாய்த்தான்.
பழைய அலமாரிகளைக் கழற்றியது,
பச்சைப் பூப்போட்ட ஓடுகளை உளியால் பெயர்த்தது,
சுவருக்குள் ஒளிந்திருந்த மரச்சட்டத்தைக்
காந்தத்தால் தடவித் தடவிக் கண்டுபிடித்தது,
காகித அச்சை ஒட்டி, மட்டம் பார்த்து,
துளை போட்டு, இரும்புத் தகட்டை முடுக்கியது.
புகை போக வெளிச்சுவரில் ஓர் ஓட்டை;
அதைப் போட்ட அன்று டுலூத்தின் நவம்பர்
ஒரு குழாய் அகலத்துக்கு உள்ளே வந்து
சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது.

பதினேழு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவள்.
ஏரியை நோக்கி இறங்கும் பனிச்சரிவில்
நாற்பது பேரோடு வண்டியை நிறுத்தத் தெரியும்.
அறுபது பவுண்டு மைக்ரோவேவைத்
தலைக்கு மேல் ஏந்திக்கொண்டே
மேல் அலமாரிக்குள் கைவிட்டுத்
திருகாணி முடுக்கத் தெரியவில்லை.
அடுப்பின் மேல் தொலைபேசிப் புத்தகங்களை அடுக்கினேன்.
இஸ்திரிப் பலகையை முட்டுக் கொடுத்தேன்.
அது முனகியது.

தெருவில் அந்த நேரத்துக்கு
விளக்கெரிந்தது ஒரே வீட்டில்.
ஓர்வில் ஹாக்லண்ட்.
அவருடைய ஊசியிலை மரத்தின் கிளை
என் கூரையைத் தொட்ட வருஷத்திலிருந்து
எங்களுக்குள் பேச்சில்லை.
கடிதம் மட்டும். நகராட்சிக்கு நகல் வைத்து,
பதிவுத் தபாலில்.
பக்கத்து வீட்டுக்குப் பதிவுத் தபால்!
தபால்காரி இரண்டு வாசலிலும்
சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்து வாங்குவாள்.

கதவைத் திறந்தவரிடம்
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
நான்காம் பக்கத்தை நீட்டினேன்.
கண்ணாடி தேடிப் போட்டுப் படித்தார்.
ஒரு படத்தைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.
பிறகு குனிந்து காலணி மாட்டினார்.

அவர் கீழே. நான் ஏணியில்,
பாதி உடம்பு அலமாரிக்குள்.
"கொக்கியில் மாட்டி மெல்ல நிமிர்த்துங்கள்."
"மாட்டியாச்சு."
"இன்னும் கொஞ்சம் இடது."
"யாருடைய இடது?"
இந்த ஒரு கேள்வியை வைத்தே
பதினொரு வருஷம் ஓட்டியிருக்கிறோம்.

முதல் திருகாணி பிடித்துக்கொண்டது.
இரண்டாவது கை நழுவி
எங்கோ மூலைக்கு உருண்டது.
இருட்டில் துழாவினேன்.

பெட்டியை ஏந்தியபடி,
கன்னம் அதன் கண்ணாடிக் கதவில் அழுந்த,
அவர் கேட்டார்:
"புகை எந்தப் பக்கம் போகும்?"

பொய் வாய்வரை வந்தது.
"உங்கள் பக்கம்," என்றேன்.

பெட்டி லேசாக நடுங்கியது.
பாரத்தாலா, தெரியவில்லை.
விட்டுவிட்டுப் போக முடியாத இடத்தில்
ஒரு மனிதர் நிற்கிறார்.
திட்டம் போட்டிருந்தால்கூட
இவ்வளவு கச்சிதமாக வாய்த்திருக்காது.

"என்ன பொரிப்பீர்கள்?"
"வெள்ளிக்கிழமை மீன். மற்ற நாள் வெங்காயம்."
"ஏரி மீனா?"
"ஹெர்ரிங்."
"ம்," என்றார்.
எந்தக் கோப்பிலும் பதிய முடியாத ஒரு ம்.

திருகாணி அகப்பட்டது. முடுக்கினேன்.
"இனி விடலாம்."
விடவில்லை. சுவரை நம்பாதவர்போல
இன்னும் கொஞ்சம் நின்றார்.
பிறகு ஒரு கை. வெகுநேரம் கழித்து மறு கை.

காபி வேண்டாமென்றார்.
வாசலில் தன் மரத்தைப் பார்க்காமல் நின்று
"வலப்பக்கம் தாழ்ந்திருக்கிறது," என்றார்.
அவர் போனபின் மட்டக்கோல் வைத்துப் பார்த்தேன்.
தாழ்ந்துதான் இருந்தது. ஒரு நூல்.
அப்படியே விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மீன் பொரித்தேன்.
விசிறி போட்டதும் வெளிச்சுவரில்
தகர மடல் படபடவென்று அடித்துக்கொண்டது.
குப்பை போடப் போனேன்;
மூக்கு முடி உறையும் குளிர்.
எதிரே அவருடைய சமையலறை ஜன்னல்
இரண்டு விரல் அகலம் திறந்திருந்தது.

எப்போதும் அப்படித்தான் இருக்குமோ என்னவோ.
இத்தனை வருஷம் அந்தப் பக்கம்
மரத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.